தலையாட்டிவிட்டு டீக்கடையில் புலம்பாதீர்கள்

போன வாரம் எங்கள் பனியன் யூனிட்டில், துணியைக் கட்டிங் போடுமுன் வழக்கமாக நடக்கும் மீட்டிங். புதிதாக இன்சார்ஜ் ஆன தம்பி ஒருவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வெளியே வந்ததும் செக்கிங் ஆட்களிடம், "இந்தத் தேதிக்கு எப்படிண்ணா முடியும்?" என்கிறான். எனக்கு வயிறு எரிந்தது. அதே இடத்தில் நானும் நின்றவன்.

திருப்பூரில் பவர் டேபிளில் தைக்க உட்கார்ந்தவர் மேனேஜர் ஆவதும், சொந்தமாக யூனிட் போடுவதும் புதிதல்ல. ஆனால் ஊர், உறவு, பழக்கம் என்று ஒட்டிக்கொண்டே வேலைக்கு வருகிறோம். அந்த ஒட்டுதலை விடாமல் தனியாளாகவும் நிற்பதில்தான் சிக்கல். அதில் நாம் செய்யும் தவறுகளைத்தான் கீழே சொல்கிறேன். நேரத்துக்கு வராதது போன்ற சில்லறைத் தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

தெரிந்தும் வாயை மூடிக்கொள்வது

2008. நான் தரம் பார்க்கும் இன்சார்ஜ். காம்பாக்டிங் (பிறகு சுருங்காதபடி துணியை முன்பே அமுக்கிச் சுருக்குவது) முடிந்து வந்த சிங்கிள் ஜெர்சி பனியன் துணியில் 50 சென்டிமீட்டருக்கு மார்க் போட்டு, துவைத்துக் காயவைத்து அளந்தேன். நீளம் 46. அதாவது 8 சதவீதச் சுருக்கம். சரக்கு வாங்கும் பையர் ஒப்புக்கொண்டது 5 வரைதான். 70 சென்டிமீட்டர் டி-ஷர்ட் துவைத்ததும் ஐந்தரை சென்டிமீட்டர் ஏறிவிடும். கையைத் தூக்கினால் தொப்புள் தெரியும்.

புரொடக்‌ஷன் மேனேஜர் எங்கள் ஊர்க்காரர், எனக்கு வேலை வாங்கித் தந்தவர். மீட்டிங்கில், "துணி வந்தாச்சு, நாளைக்குக் கட்டிங்" என்றார். ஒவ்வொருவராக "சரிங்க". அளவு எழுதிய சீட்டு என் சட்டைப்பையிலேயே இருந்தது. நானும் "சரிங்க" என்றேன். சாயங்காலம் டீக்கடையில் மூன்று பேரிடம் விலாவாரியாகச் சொன்னேன். 'விவரமான ஆள்' என்று அங்கே எனக்கு நல்ல பெயர்.

12,000 பீஸ். தைத்து, பேக்கிங்கும் ஆன பிறகு பையரின் ஆள் துவைத்துப் பார்த்தார். வெட்டாத துணி என்றால் மறுபடி காம்பாக்டிங் போட்டுப் பார்த்திருக்கலாம். வெட்டிய துணியை என்ன செய்வது? புதுத் துணி, ராத்திரி ஷிஃப்ட், கடைசியில் கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போனது. லாபம் போய் கைக்காசும் போனது.

முதலாளி கேட்டார்: "உனக்கு முன்னாடியே தெரியுமா?" நான் என்னவோ பெருமையாக, "தெரியுங்க, அப்பவே சொன்னேன்" என்றேன். "யார்கிட்ட?" என்றார். அடுத்த மூன்று வருடம் என்னைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் என்னைவிட இளையவர்கள். அதைக்கூட விடுங்கள். மனம் நோகக்கூடாது என்று நான் யாருக்காகச் சும்மா இருந்தேனோ, அந்த மேனேஜர்தான் வேலையை விட வேண்டி வந்தது. போகும்போது, "எங்கிட்ட தனியா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பனே கண்ணு" என்றார்.

சரி, என்ன செய்வது? பத்துப் பேர் முன்னால் பெரியவரை மூக்குடைக்கச் சொல்லவில்லை. மீட்டிங்குக்கு அரைமணி முன்னால், துவைத்த துணியோடு தனியாகப் போய்க் காட்டுங்கள். கட்டிங் மாஸ்டரையும் கூட்டிப் போனால் இன்னும் நல்லது. 1950களின் தொடக்கத்தில் சாலமன் ஆஷ் அமெரிக்காவில் கோடுகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார். கூட்டமே தவறான கோட்டைக் காட்டினால், தன் கண்ணால் பார்த்ததையே பலர் மாற்றிச் சொன்னார்கள். ஒரே ஒருவர் சரியாகச் சொல்ல ஆரம்பித்ததும் அந்தத் தலையாட்டல் வெகுவாகக் குறைந்தது. நானும் ஸ்கேல் வைத்து அளந்தவன்தான். பக்கத்தில் ஆளைத்தான் தேடவில்லை.

வந்த வாரமே எல்லாவற்றையும் மாற்றுவது

இது எதிர்ப்பக்க நோய். மேனேஜர் ஆன முதல் வாரம் டீ நேரத்தைப் பத்து நிமிடம் தள்ளிவைத்தேன். மறுநாள் லைனில் பாதி ஸ்டூல் காலி. எட்வின் ஹாலண்டர் என்ற உளவியலாளர் 1958-இல் இதை வரவு செலவுக் கணக்கு போலவே விளக்கினார்: குழுவின் வழக்கத்தை மதித்து, வேலையும் தெரிந்தவர் என்று பெயரெடுத்தால் வரவு, மாறுபட்டு நடந்தால் செலவு. நான் கணக்கில் பணமே போடாமல் செக் எழுதியிருந்தேன்.

கெத்துக்காக மறுத்துப் பேசுவது

வேண்டாம்.

மேலே போனதும் பழைய ஆட்களோடு டீ குடிப்பதை நிறுத்துவது

போய்க் குடியுங்கள். காசை நீங்கள் கொடுங்கள். ஷிஃப்ட் மாற்றம், ஆள் குறைப்பு என்று பேச்சு வந்தால் மட்டும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள்.