பழைய கீபோர்டின் பூர்வீகத்தைப் படிப்பது எப்படி

பழைய கீபோர்டு கையில் கிடைத்தால் தட்டிப் பார்க்காதீர்கள்; முதலில் கவிழ்த்துப் போடுங்கள். அடிப்பக்கம் பொய் சொல்லாது. மேல்பக்கத்தை விற்பவர் துடைத்திருப்பார்.

தக்கலையில் தட்டச்சுப் பயிலகமாகத் தொடங்கிய என் இடம், இப்போது பத்திரமும் மனுவும் அடித்துக் கொடுக்கும் கடை. பயிலகம் போனாலும் ‘டீச்சர்’ என்ற பெயர் போகவில்லை. மருந்துக்கடை, சீட்டு அலுவலகம், கூட்டுறவுச் சங்கம் என்று எங்கெங்கோ உழைத்து ஓய்ந்த டிவிஎஸ் கோல்ட் கீபோர்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து, “டீச்சர், இதை வாங்கலாமா? இது தேறுமா?” என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. பழுது பார்ப்பதற்கு முன்னால் அது எந்தக் காலத்துப் பொருள், யார் வயிற்றில் பிறந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பெயரில் தொடங்குவோம். டிவிஎஸ் என்பது நமக்கு அந்நியமான பெயர் அல்ல. ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி, வள்ளியூர், ஏர்வாடி வழியாகப் போனால் வரும் திருக்குறுங்குடிதான் டி.வி.சுந்தரம் அய்யங்காரின் ஊர். அந்த முதலெழுத்தே ஊரின் பெயர். அவர் 1911-ல் மதுரையில் பஸ் தொழிலில் இறங்கினார். லாரி, உதிரிபாகம், ஸ்கூட்டர் என்று வளர்ந்த குடும்பத்திலிருந்து 1986-ல் கிளைத்ததுதான் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸ். பில் போடும் கடைகளில் கறகறவென்று சத்தம் போடும் எம்எஸ்பி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் இவர்களுடையதுதான். ஆனால் தட்டச்சு செய்கிறவர்கள் அவர்களை நினைவில் வைத்திருப்பது கோல்ட் கீபோர்டுக்காக.

ஓர் எச்சரிக்கை. டிவிஎஸ் என்று அச்சடித்திருந்தால் மட்டும் போதாது. அதே நிறுவனத்தின் சாம்ப் என்ற கீபோர்டும் ஊரெல்லாம் கிடக்கிறது. அதன் உள்ளே ரப்பர் குமிழும் பிளாஸ்டிக் படலமும்தான். நல்ல உழைப்பாளிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓய்ந்தால் ஓய்ந்ததுதான், அதில் விசை விசையாகப் பழுது பார்க்க ஒன்றும் இல்லை. நான் இங்கே சொல்வது ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுவிட்ச் உள்ள கோல்டுக்கு.

இப்போது வயதைப் பாருங்கள். வயரின் நுனியில் கட்டைவிரல் பருமனில் ஐந்து ஊசி கொண்ட உருண்டைச் செருகி இருந்தால் அது ஏடி என்ற பழைய வகைக் கம்ப்யூட்டர் காலத்து வழக்கம். சிறிய, ஆறு ஊசி உருண்டை என்றால் பிஎஸ்/2. ஐபிஎம் 1987-ல் கொண்டுவந்தது. அந்தச் செருகி ஊதா நிறத்தில் இருந்தால் இன்னும் கொஞ்சம் பிந்தியது, ஏனென்றால் கீபோர்டுக்கு ஊதா, மவுசுக்குப் பச்சை என்ற நிற ஒழுங்கு 1990-களின் கடைசியில்தான் நிலைபெற்றது. யுஎஸ்பி விதிமுறை 1996-ல் வந்தது. நம் பக்கத்துக் கடைகளுக்கு அது வந்து சேர மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. விண்டோஸ் விசை இல்லாத விசைப்பலகை என்றால், விண்டோஸ் 95-க்கு முந்தைய அமைப்பு என்று கொள்ளலாம்.

எனக்குப் பிடித்த அடையாளம் ரூபாய்க் குறி. மத்திய அரசு அதை ஏற்றது 2010 ஜூலையில். ஆகவே விசையில் அந்தக் குறி அச்சாகியிருந்தால், பலகை அதற்குப் பிறகுதான் பிறந்தது. “இருபது வருடமாக வைத்திருக்கிறேன்” என்று விற்பவர் சத்தியம் செய்தாலும் நம்ப வேண்டாம். அடியில் ஒட்டிய சீட்டில் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தும் எட்டு இலக்கமுமாக இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவெண் இருந்தால் இன்னும் பிந்தியது. மின்னணுப் பொருள்களுக்கான அந்தக் கட்டாயப் பதிவு ஆணை 2012-ல்தான் வந்தது.

சீட்டு கிழிந்திருந்தால் திருகாணிகளைப் பாருங்கள். அவை ஆண்டைச் சொல்லாது, ஊரைச் சொல்லும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வரும் பலகையில் திருகாணித் தலை செம்புழுதியாக உதிரும், ஸ்க்ரூடிரைவர் பிடிக்காது. குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் கடைகளிலிருந்து வருவதில் துரு குறைவு, பூஞ்சை அதிகம். சில சமயம் எறும்புக் கூடும் இருக்கும். நாகர்கோவில் சிப்ஸ் கடைப் பலகையைத் தொட்டாலே தெரியும், கையோடு ஒட்டிக்கொள்ளும். கடலோரப் பலகையை வாங்குவதென்றால் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். உப்புக்காற்று முதலில் தின்பது திருகாணியை, அடுத்து சர்க்யூட் பலகையின் ஈயப் பற்றுகளை. பற்றுகள் பச்சை பூத்திருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது உள்ளே பார்ப்பது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் வயரைக் கழற்ற வேண்டும். பிஎஸ்/2 செருகியை ஓடும் இயந்திரத்திலிருந்து பிடுங்குவது நல்லதல்ல. ஏதாவது ஓர் எழுத்து விசையின் மூடியை நேராக மேலே இழுங்கள். இதற்கென்று கம்பிக் கொக்கி விற்கிறது. இல்லையென்றால் இரண்டு காகித கிளிப்பை வளைத்துக்கொள்ளலாம். ஸ்பேஸ், என்டர், ஷிஃப்ட் ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். அவற்றின் அடியில் தாங்குக் கம்பி இருக்கக்கூடும், அவசரப்பட்டால் கொக்கி ஒடியும்.

மூடிக்கு அடியில் நீல நிறத்தில் சிலுவை வடிவத் தண்டு தெரிகிறதா? அதைச் சுற்றியுள்ள கறுப்புக் கூட்டில் செர்ரி என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கின்றனவா? இருந்தால் உங்கள் கையில் இருப்பது ஜெர்மன் குடும்பத்துச் சுவிட்ச். வேறு பெயர் இருந்தால், அல்லது பெயரே இல்லாவிட்டால், அது அதைப் பார்த்துச் செய்த வேறொரு நிறுவனத்துடையது. கோல்ட் என்ற பெயரைப் பார்த்ததும் உள்ளே செர்ரிதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

செர்ரியின் கதை கேட்கத் தகுந்தது. வால்டர் செர்ரி என்பவர் 1953-ல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஓர் உணவகத்தின் நிலவறையில் தொடங்கிய நிறுவனம் அது. முதலில் செய்தது கீபோர்டு அல்ல, சின்னச் சின்ன மின் சுவிட்சுகள். 1960-களில் ஜெர்மனியில் கால் பதித்து, பவேரியாவின் அவுவர்பாக் என்ற சிறிய ஊரை வீடாக்கிக்கொண்டது. எம்எக்ஸ் என்ற இந்தச் சுவிட்சுக்கு 1983-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். 2008-ல் செர்ரியை வாங்கியது இசட்எஃப் என்ற ஜெர்மன் நிறுவனம். வண்டிகளுக்கு கியர்பாக்ஸ் செய்பவர்கள். பஸ் ஓட்டிய குடும்பத்தின் கீபோர்டுக்குள் கியர்பாக்ஸ்காரர்களின் சுவிட்ச்! எனக்கு இதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். காப்புரிமைக் காலம் தீர்ந்ததும் சீனாவில் கைல், கேட்டரான், அவுட்டெமு என்று பல பெயர்களில் அதே சிலுவைத் தண்டு வந்துவிட்டது. அவற்றிலும் நல்லவை உண்டு. உங்களுக்கு ஆதாயம் என்னவென்றால், எந்தப் பெயராக இருந்தாலும் தண்டின் அளவு பெரும்பாலும் ஒன்றேதான். ஒன்றின் விசைமூடி மற்றொன்றில் பொருந்தும்.

தண்டின் நிறத்துக்கும் அர்த்தம் இருக்கிறது. கறுப்பும் சிவப்பும் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். பழுப்பில் நடுவில் ஒரு சிறு தடை தட்டுப்படும். நீலத்தில் அந்தத் தடையோடு ‘டிக்’ என்ற ஒலியும் வரும். விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், 2.2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழுந்துவிடும். ஆகவே அடிவரை இடிக்க வேண்டியதில்லை. தட்டச்சு இயந்திரத்தில் பழகிய கைக்கு இதுதான் முதலில் மறக்க வேண்டிய பழக்கம். உள்ளே மின்சாரம் தொடும் இடத்தில் தங்கம் கொண்ட இரண்டு சிறு முனைகள் ஒன்றுக்கொன்று குறுக்காகப் படுத்திருக்கின்றன. தங்கம் துருப்பிடிக்காது என்பதால்தான் இவை கடற்காற்றிலும் பிழைக்கின்றன. ஒரு சுவிட்சுக்கு 5 கோடி அழுத்தம் ஆயுள் என்பது செர்ரி நெடுங்காலமாகச் சொல்லிவந்த கணக்கு. ஒரே எழுத்தை ஒருநாளைக்குப் பத்தாயிரம் தடவை, ஆண்டுக்கு 300 நாள் அடித்தாலும் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் வரும்.

ஆயினும் தூசியும் எண்ணெய்ப் பசையும் அந்த முனைகளுக்கு நடுவில் போய் உட்காரும். அப்போது ஒரு தடவை தட்டினால் இரண்டு எழுத்து விழும். தமிழ்99 என்ற தமிழ் விசையமைப்பில் அடிப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை. அதில் ஒரே மெய்யெழுத்து விசை இருமுறை விழுந்தால் மென்பொருள் தானாகவே முதல் எழுத்துக்குப் புள்ளி வைத்துவிடும். வீடு, வீட்டு ஆகிவிடும். ஓடு, ஓட்டு ஆகிவிடும். இரண்டும் சரியான சொற்கள் என்பதால் கண்ணில் படாமல் பத்திரத்துக்குள் நுழைந்துவிடும். ஆகவே வாங்குவதற்கு முன் நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு விசையையும் மெதுவாக, பத்துப் பத்துத் தடவை தட்டி எண்ணுங்கள். வேகமாகத் தட்டினால் குறை தெரியாது.

இரட்டிக்கும் விசைக்கு வைத்தியம் எளிது. வயரைக் கழற்றி, மூடியை எடுத்து, பல்குத்தும் குச்சியால் தண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஓரத்தில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விடுங்கள். நூறு தடவையாவது அழுத்தி அழுத்தி விடுங்கள். பிறகு கவிழ்த்துவைத்து, முழுவதும் உலர்ந்த பின் இணையுங்கள். தண்ணீர் கலக்காத, 99 சதவீதச் சரக்காகப் பார்த்து வாங்குங்கள். தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டு வருபவர்கள் உண்டு. கதவுக் கீலுக்கு விடுங்கள், இதற்கு வேண்டாம்.

அதிலும் தீரவில்லை என்றால் சுவிட்சை மாற்ற வேண்டும். புதிது தேடி அலைய வேண்டியதில்லை. ஸ்க்ரோல் லாக் விசையை உங்களில் யார் எப்போது தட்டினீர்கள்? அதன் சுவிட்ச் பிறந்த மேனிக்கு இருக்கும். அடியில் இரண்டே இரண்டு ஊசிகள். ஈயத்தை உருக்கி, உறிஞ்சும் பம்பால் எடுத்துவிட்டு, அதைக் கழற்றி நோயாளி இடத்தில் வையுங்கள். நோயாளியை ஸ்க்ரோல் லாக்கில் உட்கார வையுங்கள். பற்றவைப்புக் கோலை ஒரே இடத்தில் நெடுநேரம் வைத்தால் சர்க்யூட் பலகையின் செம்புத் தடம் உரிந்துவிடும்; கை பழகாதவர்கள் டிவி மெக்கானிக்கிடம் கொடுப்பது உத்தமம்.

மூடிகளை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவலாம். கொதிநீர் கூடாது, நெளிந்துவிடும். சிலுவைத் துளைக்குள் நீர் தங்கும். ஆனி, ஆடிச் சாரல் நாளில் மின்விசிறிக்கு அடியில் ஓர் இரவு முழுவதும் கிடக்கட்டும். கழற்றுவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், பிறகு எந்த மூடி எங்கே என்று திண்டாட வேண்டாம்.

பிஎஸ்/2 துளை இல்லாத புதுக் கம்ப்யூட்டர் என்றால் கடைசியாக ஒன்று. விரல் நீளத்தில் விற்கும் மலிவான மாற்றுச் செருகி வெறும் வயர் இணைப்பு. பிஎஸ்/2, யுஎஸ்பி என்ற இரண்டு மொழியும் தெரிந்த கீபோர்டுக்குத்தான் அது உதவும். பழைய கோல்டுக்கு, உள்ளே சிப் வைத்த, குட்டிப் பெட்டியும் வயருமாக வரும் மாற்றியைக் கேட்டு வாங்குங்கள். கடையில் வைத்தே செருகி, கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.