ஸ்லாஷர் பிளேடு: ஜோடியைப் பிரிக்காதீர்கள்

போன வாரம் நிபோங் திபாலில் தெரிந்தவர் ஒருவரின் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு தம்பி, டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் புல் வெட்டும் ஸ்லாஷரின் பிளேடைக் கிரைண்டரில் தீட்டிக்கொண்டிருந்தான். மத்தாப்பு மாதிரி பொறி பறந்தது. முடித்ததும் பழைய பேப்பர் ஒன்றை எடுத்து பிளேடின் மேல் இழுத்தான். சர்ரென்று இரண்டாகப் பிரிந்தது.

"எப்படி அங்கிள்?"

பிளேடின் நுனி மயில்கழுத்து நிறத்தில் மின்னியது. அதன் ஜோடிப் பிளேடு மொக்கையாகவே ஸ்லாஷரில் தொங்கியது. அது என்னாச்சு என்று கேட்டேன்.

"அது இன்னும் ஓடும் அங்கிள். அடிபட்டதை மட்டும்தான் கழட்டினேன்."

ஐந்தே நிமிடத்தில் மூன்று தவறு. மூன்றையும் அவன் வயதில் நானும் செய்திருக்கிறேன். அதனால் திட்ட வாய் வரவில்லை.

இன்ஜினை அணை, சாவியைக் கையில் எடு, பிளேடு முழுசாக நிற்கும்வரை கிட்டே போகாதே, ஹைட்ராலிக்கை நம்பி அடியில் படுக்காதே, கட்டை முட்டுக் கொடு. இதையெல்லாம் விளக்கப்போவதில்லை. இதை இன்னொருவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றால் டிராக்டரைத் தொடாமல் இருப்பதே வீட்டாருக்கு நல்லது.

சவரக்கத்தி மாதிரி தீட்டுவது

பாராங் கத்தி இழுத்து அறுக்கும். ஸ்லாஷர் அடித்து வெட்டும். என்னுடையது ஐந்தடி ஸ்லாஷர். பிடிஓ, அதாவது டிராக்டரின் பின்னாலிருந்து ஸ்லாஷரை ஓட்டும் தண்டு, நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடும்போது கியர்பாக்ஸ் அதை ஏற்றி பிளேடுக்கு 900 சுற்று கொடுக்கிறது. நுனியின் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வரும் இரும்பு லாலாங் புல்லை வெட்ட மெல்லிய விளிம்பு தேவையே இல்லை. மெல்லியதாகத் தீட்டினால் முதல் கல்லிலோ செம்பனை மட்டையின் அடிக்கட்டையிலோ பட்டதும் விளிம்பு மடங்கும், இல்லையென்றால் செதில் செதிலாகப் பெயரும்.

விளிம்பில் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனை விட்டுவிடுங்கள். பேங்க் கார்டு இரண்டை ஒன்றாக வைத்தால் அந்தத் தடிமன் வரும். கம்பெனி கொடுத்த சரிவிலேயே மேல்பக்கம் மட்டும் தீட்டுங்கள். அடிப்பக்கத்தைத் தொடவே கூடாது.

நீலம்

கிரைண்டரை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் இரும்பு முதலில் வைக்கோல் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலமாகும். நீலம் வந்துவிட்டால் அந்த இடத்தில் கம்பெனி ஏற்றிக் கொடுத்த பதம் போய்விட்டது என்று அர்த்தம். எத்தனை முறை தீட்டினாலும் அந்த இடம் சீக்கிரம் மழுங்கும். சூடான பிளேடை வாளித் தண்ணீரில் முக்குவது அதைவிட மோசம், விரிசல் விடும். நாலு இழுப்பு இழுத்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்கவில்லையா, ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வாருங்கள்.

ஒன்றை மட்டும் தீட்டுவது, ஒன்றை மட்டும் மாற்றுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். காரணம், இதற்கு நான் கொடுத்த விலை.

2014-இல் பினாங்கின் இரண்டாவது பாலம் திறந்த சமயம், பத்து காவான் பக்கம் காலி நிலங்களில் புல் வெட்டும் வேலை நிறைய வந்தது. ஒருநாள் லாலாங்குக்குள் மறைந்து கிடந்த எல்லைக்கல்லில் ஒரு பிளேடு மோதி, மூக்கு உடைந்துபோனது. கடையில் ஜோடியாக வாங்கச் சொன்னார்கள். வியாபாரத் தந்திரம் என்று நினைத்து ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு வருடம் தேய்ந்த பழசு ஒரு பக்கம், பளபளக்கும் புதுசு மறுபக்கம்.

முதல் நாளே சீட்டில் ஒரு நடுக்கம். மேடு பள்ளம் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் பின்சக்கரத்து நட்டு கழன்றது, இறுக்கினேன். பிறகு தகட்டில் முடி போல ஒரு விரிசல் தெரிந்தது, வெல்டிங் வைத்தேன். தரையில் எண்ணெய்ச் சொட்டு விழுந்தது, டிராக்டரிலிருந்து ஒழுகுகிறது என்று டிராக்டரைக் கழுவித் துடைத்துத் தேடினேன். மூன்றாவது வாரம், அம்மியில் கல்லை வைத்து அரைப்பதுபோல ஒரு சத்தம். அத்தோடு நின்றது.

எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மாமாதான் கியர்பாக்ஸைக் கழற்றினார். கொஞ்சநஞ்சம் மிச்சமிருந்த எண்ணெயைத் தட்டில் ஊற்றினார். வெள்ளிப்பொடி கலந்ததுபோல மினுமினுத்தது. அடி சீல் கிழிந்து, எண்ணெய் வடிந்து, பேரிங் பொடியாகிப் போயிருந்தது. அவர் கியர்பாக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிளேடு இரண்டையும் பார்த்தார்.

"ஒரு கால்ல சிலிப்பர், ஒரு கால்ல பூட்ஸு போட்டுக்கிட்டு ஓடுவியாடா நீ?"

மிச்சம் பிடித்தது ஒரு பிளேடின் விலை. போனது ஒரு கியர்பாக்ஸும் மூன்று வார வேலையும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பிளேடுக்கும் 200 கிராம் வித்தியாசம், அது நடுத்தண்டிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். 900 சுற்றில் அது நூறு கிலோவுக்கு மேல் இழுக்கும். அதுவும் ஒரே திசையில் இல்லை, நொடிக்குப் பதினைந்து முறை சுற்றிச் சுற்றி. ஒருவன் கியர்பாக்ஸ் தண்டில் தொங்கிக்கொண்டு நாள் முழுக்க ஆட்டுவதற்குச் சமம். சீல் எத்தனை நாள் தாங்கும்?

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்லாஷர் அதிர்ந்தால் ஆட்கள் எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள், பிளேடை மட்டும் பார்க்கமாட்டார்கள். பிடிஓ ஷாஃப்டின் கிராஸை மாற்றுவார்கள், கிரீஸை அப்புவார்கள், டிராக்டருக்கு வயசாகிவிட்டது என்பார்கள். அடியில் குனிந்து பார்க்கச் சோம்பல்.

எடை பார்ப்பதோடு வேலை முடிவதும் இல்லை. இதை நான் இன்னும் தாமதமாகத்தான் கற்றேன். ஒரே எடையுள்ள இரண்டு பிளேடில் ஒன்று நுனியில் தேய்ந்திருக்கலாம், மற்றது நடுவில் தேய்ந்திருக்கலாம். தராசில் சமம், சுற்றும்போது சமமில்லை. பிளேடை ஒரு ஆங்கிள் இரும்பின் முனைமேல் குறுக்காக வைத்து, எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறது என்று பாருங்கள். அங்கே சாக்பீஸால் கோடு போட்டு, போல்ட்டு ஓட்டையிலிருந்து கோடுவரை அளந்துகொள்ளுங்கள். இரண்டு பிளேடிலும் அந்த அளவு ஒன்றாக இருக்க வேண்டும். என் பிளேடு ஒன்று ஆறு கிலோ. அதில் அந்தக் கோடு ஒரு சென்டிமீட்டர் தள்ளியிருந்தால், நான் மேலே சொன்ன 60 சென்டிமீட்டர் இடத்தில் 100 கிராம் கூடக்குறைய இருப்பதற்குச் சமம். கனமான பிளேடின் வெட்டு விளிம்பில்தான் கூடுதலாகத் தீட்டிக் குறைக்க வேண்டும். போல்ட்டு ஓட்டை பக்கம் கிரைண்டர் போகவே கூடாது.

எல்லாம் சமமாக இருந்தும் அதிர்கிறதா? பிளேடைக் கையால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் போல்ட்டில் தாராளமாக ஊசலாட வேண்டும். புல்லும் சேறும் துருவும் அடைத்து ஒன்று விறைத்துக்கொண்டால், மற்றது நீண்டு நிற்க, இது மடங்கியபடியே சுற்றும். கட்டையில் அடிபடும்போது பின்வாங்கவும் செய்யாது.

வெல்டிங்

பிளேடில் மட்டும் வேண்டாம். ஒட்டிய துண்டு பிய்த்துக்கொண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று எவனுக்கும் தெரியாது.

பழைய நட்டு

பிளேடைக் கழற்றினால் லாக் நட்டு புதுசு. போல்ட்டின் கழுத்தில் பள்ளம் விழுந்திருந்தால் போல்ட்டும் புதுசு. என் ஸ்லாஷருக்கு 600 நியூட்டன் மீட்டர் முறுக்க வேண்டும். ஸ்பேனரில் பைப் மாட்டி, ஒரு மீட்டர் தள்ளி அறுபது கிலோ ஆள் ஒருவன் தொங்கினால் ஏறக்குறைய அந்த முறுக்கு வரும். "கைக்கு டைட்டா இருக்கு" என்பது கணக்கில்லை. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

ஷியர் போல்ட்டுக்குப் பதில் ஹை டென்சில் போல்ட்டு

பிளேடு எதிலாவது பலமாக மோதினால் கியர்பாக்ஸுக்குப் பதில் ஷியர் போல்ட்டு உடையும். உடைவதற்குத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

கம்பியும் கயிறும்

காலி நிலத்தில் வேலிக்கம்பி, நைலான் கயிறு, பழைய வலை எல்லாம் கிடக்கும். பிளேடுக்கு மேலே தண்டில் சுற்றிக்கொண்டு சீலை அறுக்கும். வெளியே தெரியாது. தீட்டுவதற்கு அடியில் போகும்போதெல்லாம் அதையும் அறுத்து எடுத்துவிடுங்கள்.

அந்தத் தம்பி மறுநாள் சாயங்காலம் போன் செய்தான். இரண்டு பிளேடையும் கழற்றி, தோசைக்கடை வைத்திருக்கும் அம்மாவின் தராசிலேயே நிறுத்துவிட்டானாம். 340 கிராம் வித்தியாசம். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அந்த அம்மாவின் குரல் கேட்டது: "மாவு நிறுக்குற தராசுடா அது!"