ஆய்வுப் பேருரைத் தொடரை அமைப்பது எப்படி?

தன் பேராசிரியர்களின் ஆய்வைப் போற்ற ஆண்டுதோறும் ஒரு பேருரை நடத்த விரும்பும் பல்கலைக்கழகம், பேச்சாளரை யார் தேர்ந்தெடுப்பது என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1974-இல் வரலாற்றறிஞர் ஜான் ஹோப் ஃபிராங்க்ளின் தொடங்கிவைத்த ரையர்சன் பேருரை இதற்கு நல்ல முன்மாதிரி. அங்கே ஆசிரியர் குழு ஒன்று பேராசிரியர் ஒவ்வொருவரிடமும் பெயர்களைக் கேட்டுப் பெற்றுப் பரிந்துரைக்க, அதன்படி பல்கலைக்கழகத் தலைவர் நியமிக்கும் முறை வகுக்கப்பட்டது. பணி மூப்பையோ வகிக்கும் பதவியையோ அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். உடன் பணிபுரிவோர் மதித்துச் சொல்லும் பெயருக்குத்தான் பெருமை உண்டு.

தேர்வானவருக்குச் சில மாதங்களேனும் முன்னதாகத் தெரிவியுங்கள். அவையில் இருப்போர் எல்லாத் துறைகளையும் சேர்ந்தவர்கள் என்பதை அழைப்புக் கடிதத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். கருத்தரங்குக் கட்டுரையைச் சற்றே எளிமையாக்கிப் படிப்பது இங்கே போதாது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1975-இல் இதே மேடையில் தம் சமன்பாடுகளை விளக்க முற்படவில்லை. ஷேக்ஸ்பியர், நியூட்டன், பீத்தோவன் ஆகிய மூவரையும் எடுத்துக்கொண்டு, கலைஞரின் படைப்பாற்றல் முதுமை வரை வளர்ந்துகொண்டே செல்ல, அறிவியலாளரின் ஆற்றல் ஏன் அவ்வாறு வளர்வதில்லை என்ற கேள்வியை ஆராய்ந்தார். அது வாழ்நாளெல்லாம் ஆய்விலேயே கழித்த ஒருவருக்கு மிக நெருக்கமான கேள்வி. இசை பயிற்றுவிப்பவரும் மருத்துவரும் சட்டம் கற்பிப்பவரும் பின்தொடரக்கூடிய கேள்வியும்கூட. எல்லோரும் இப்படித் தம் துறைக்கு வெளியே செல்ல வேண்டியதில்லை. ஆனால் எதைக் கண்டுபிடித்தோம் என்பதை மட்டும் வரிசைப்படுத்தாமல், எந்தக் கேள்வி தம்மை விடாமல் பற்றிக்கொண்டிருந்தது, எங்கே வழி அடைபட்டது, பிறகு எது திறந்தது என்பதைப் பேச்சாளர் சொல்லியே ஆக வேண்டும். வரைவு முடிந்ததும் வேறு துறையைச் சேர்ந்த இருவரிடம் படிக்கக் கொடுத்து, அவர்கள் தடுமாறும் இடங்களைத் திருத்தச் சொல்லுங்கள்.

அறிமுகவுரை ஐந்து நிமிடத்தில் முடியட்டும். விருதுப் பட்டியலை அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடலாம்.

உரையின் முழு வடிவத்தை வெளியிடுவதற்கான பணத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்குங்கள். சந்திரசேகரின் உரை 1987-இல் அவருடைய தொகுப்பு நூலில் இடம்பெற்றதால் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அத்தகைய நூல் எல்லாப் பேச்சாளர்களுக்கும் வாய்ப்பதில்லை என்பதால், அந்தப் பொறுப்பைப் பல்கலைக்கழகமே ஏற்க வேண்டும்.