முழங்கால் முறிவில் கால்சியம் பாஸ்பேட் சிமென்ட்டைப் பயன்படுத்தும் முறை

கீழ்க்காலின் பெரிய எலும்பான டிபியாவின், முழங்கால் மூட்டில் அமையும் மேற்பரப்பு நொறுங்கி உள்ளிறங்கியிருந்தால், அதைத் தூக்கி நிறுத்தித் தகடும் திருகுகளும் பொருத்திய பிறகே, அடியிலுள்ள வெற்றிடத்தை, பசையாகச் செலுத்தியபின் இறுகும் கால்சியம் பாஸ்பேட் சிமென்ட்டால் நிரப்ப வேண்டும். இச்சிமென்ட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கினாலும், இழுவிசையிலும் முறுக்கிலும் எளிதில் விரிசலடையும். ஆகவே தகட்டுக்கு மாற்றாக இதை ஒருபோதும் கருதக்கூடாது.

இரத்தக் கசிவை முதலில் கட்டுப்படுத்துங்கள், ஏனெனில் இறுகாத பசையை இரத்தம் கரைத்துச் சிதறடித்துவிடும். ஆழத்திலிருந்து மெதுவாகச் செலுத்தி, மூட்டுக்குள் கசியவில்லை என்பதை எக்ஸ்-ரே திரையில் உறுதிசெய்து, உற்பத்தியாளர் குறித்த நேரம் முடியும்வரை காலை அசைக்காதிருங்கள். இவ்வகைச் சிமென்ட்டுகளில் பெரும்பாலானவை உடல் வெப்பநிலையிலேயே, செயற்கை மூட்டுகளைப் பொருத்தப் பயன்படும் அக்ரிலிக் சிமென்ட்டைப் போல் மிகவும் சூடாகாமல் இறுகுவது, சுற்றியுள்ள திசுவுக்குப் பெரும் பாதுகாப்பு.

சீழ்பிடித்த இடத்தில் இதை வைக்க வேண்டாம்.