பூனை சோபாவைப் பிராண்டுகிறதா? நாம் செய்யும் தவறுகளைப் பார்ப்போம்

எங்கள் வீட்டு சோபாவின் இடது கைப்பிடியில் பஞ்சு பிதுங்கிக்கொண்டு நிற்கும். வலது கைப்பிடி கடையிலிருந்து வந்த அன்று போலவே இருக்கும். ஹாலுக்குள் நுழைகிற வழி இடது பக்கம். எங்கள் பூனை மீனு அந்த மூலையைப் பிடித்துக்கொண்டதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று எனக்கு உறைக்க ஒரு வருடம் ஆனது. அதற்குள் செய்யக் கூடாததை எல்லாம் வரிசையாகச் செய்து முடித்திருந்தேன்.

"நான் இல்லாத நேரம் பார்த்துப் பழிவாங்குகிறது" என்று நினைத்ததுதான் முதல் தவறு. பூனைக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அதன் நகம் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக வளர்கிறது. மேலே இருக்கிற பழைய உறை கழன்று விழ, எதிலாவது கொக்கி போட்டு இழுக்க வேண்டும். பிறை வடிவத்தில் நகத்துண்டு ஒன்று தரையில் கிடப்பதைப் பார்த்து, நகமே பெயர்ந்துவிட்டதோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது அந்த உறைதான். தூங்கி எழுந்ததும் முதுகையும் தோளையும் நீட்டி முறுக்கெடுப்பதற்கும் பூனைக்குப் பிராண்டல் தேவை. எல்லாவற்றையும் விட முக்கியம் வாசனை. முன்பாதத்தில் விரல்களுக்கு இடையே வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. பிராண்டும்போது நமக்குத் தெரியாத ஒரு வாசனையும் நமக்கு நன்றாகவே தெரிகிற ஒரு கீறலும் சேர்ந்து பதிகின்றன. "இது என் இடம்" என்கிற பலகை அது. பலகையை யாராவது பரணுக்குப் பின்னால் மாட்டுவார்களா? ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில்தான் மாட்டுவார்கள். அதனால்தான் நுழைவாயில் பக்கத்துக் கைப்பிடி.

ஆகவே பிராண்டலை நிறுத்த முடியாது. இடத்தை மாற்றத்தான் முடியும். இதை ஏற்றுக்கொள்ளாத வரை மற்ற வைத்தியம் எதுவும் பலிக்காது.

நான் அடுத்துச் செய்தது, கத்துவதும் தண்ணீர் பீய்ச்சுவதும். துணிக்கு இஸ்திரி போடும்போது தெளிக்கிற பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டு காவல் இருந்தேன். பூனை ஒன்றைக் கற்றுக்கொண்டது: இந்த ஆள் இருக்கும்போது பிராண்டினால் தண்ணீர் விழும். ஆகவே நான் குளிக்கப் போனதும் வேலையை ஆரம்பித்தது. அதோடு என்னைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஓடியது. பயந்த பூனை கூடுதலாகவே பிராண்டும், ஏனென்றால் அடையாளம் போட வேண்டிய அவசரம் அதற்கு இன்னும் கூடுகிறது. வீடு மாறினாலோ, புதுப் பூனை வந்தாலோ, ஜன்னலுக்கு வெளியே தெருப்பூனை வந்து உட்கார்ந்தாலோ பிராண்டல் அதிகமாவதும் இதனால்தான்.

சரி, பூனை பிராண்டுவதற்கென்றே விற்கிற கம்பம் ஒன்று வாங்கிவிடலாம் என்று போனால், அங்கேயும் சறுக்கல். பார்க்க அழகாக, ஒன்றரை அடி உயரத்தில், உச்சியில் ஒரு பந்து தொங்குகிற கம்பத்தை வாங்கி வந்தேன். மீனு ஒரே ஒரு முறை முன்காலை வைத்தது. கம்பம் சாய்ந்து அதன் மேலேயே விழுந்தது. அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. வளர்ந்த பூனை பின்னங்காலில் நின்று முழுதாக நிமிர இடம் வேண்டும். கம்பம் மூன்று அடியாவது இருக்கட்டும். தன் முழு எடையையும் போட்டு இழுத்தாலும் அசையக் கூடாது. சோபாவை அதற்குப் பிடித்துப்போனது ஏன்? அது ஆடாது.

இதற்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. மரக்கடையில் ஒரு கட்டையை வாங்கி, கனமான அடிப்பலகையில் இறுக்கமாகப் பொருத்தி, தேங்காய் நார்க் கயிறை நெருக்கமாகச் சுற்றினால் போதும். துகள் உதிரும், தினமும் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். கத்தாழை நார்க் கயிறு கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் முதலில் உங்கள் பூனை எதைப் பிராண்டுகிறது என்று கவனியுங்கள். பாயையும் கால்மிதியையும் பிடிக்கிற பூனைக்கு நிற்கிற கம்பம் ஒத்துவராது. அதற்குப் பலகையில் சாக்கை இழுத்துக் கட்டியோ, அட்டைப்பெட்டியை வெட்டி அடுக்கியோ தரையில் படுக்கவைத்துக் கொடுக்க வேண்டும்.

செய்த கம்பத்தை பால்கனியிலோ வாஷிங் மிஷின் பின்னாலோ வைக்காதீர்கள். அது கிழிக்கிற மூலைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். இடமிருந்தால், தூங்குகிற இடத்தருகே இன்னொன்று. சோபா மூலையில் கொஞ்ச நாளைக்கு இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை ஒட்டலாம், அல்லது கனத்த போர்வையை இறுக்கமாகச் செருகி வைக்கலாம். பாதத்தில் பிசுபிசுப்பது பூனைக்குப் பிடிக்காது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும்: பழைய இடம் கசக்க வேண்டும், புது இடம் பக்கத்திலேயே இனிக்க வேண்டும். முன்காலைப் பிடித்துக் கம்பத்தில் தேய்த்துக் "கற்றுக்கொடுக்க" முயல வேண்டாம். பிடித்து அழுத்துவது பிடிக்காமல், கம்பத்தையே வெறுத்துவிடும். அதுவாகப் போய்த் தொட்டால் உடனே ஒரு துண்டு மீன் கொடுங்கள்.

குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றொரு பெயர் உண்டு, சும்மா வைத்த பெயர் இல்லை. புதிதாகப் பிடுங்கிய வேரின் வாசனைக்குப் பல பூனைகள் கிறங்கிப் புரளும். வேரைக் கழுவிக் கம்பத்தில் தேய்த்துவிட்டு, வேரை எறிந்துவிடுங்கள். தின்ன விட வேண்டாம். கடையில் விற்கிற கேட்னிப் என்கிற மூலிகையும் இதே வேலையைச் செய்யும். ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பூனை அதைக் கண்டுகொள்வதே இல்லை, குட்டிகளும் அப்படித்தான்.

வாசனை என்றதும் ஓர் எச்சரிக்கை. பூனை அண்டாமல் இருக்க சோபாவில் நீலகிரித் தைலம் தடவுவது, அந்துருண்டை போடுவது, பினாயில் தெளிப்பது எல்லாம் நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. இவை பூனைக்கு நஞ்சு. இப்படிப்பட்ட சில பொருட்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. உடம்பில் ஒட்டியதை நக்கியே சுத்தம் செய்கிற பிராணி அது. காலில் பட்டது வயிற்றுக்குத்தான் போகும். சோபாவைக் காப்பாற்றப் போய்ப் பூனையை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது.

நகத்தையே எடுத்துவிடலாமா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். பூனையின் நகம் எலும்பிலிருந்து வளர்கிறது; அதை நிரந்தரமாக எடுப்பதென்றால் ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் துண்டிக்க வேண்டும். அறுவைக்குப் பின் மணலில் கால் வைக்க வலித்து, கழிவுப்பெட்டியையே தவிர்க்கிற பூனைகள் உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2019இல் இதைத் தடை செய்தது. பிரிட்டனிலும் பல ஐரோப்பிய நாடுகளிலும் அனுமதி இல்லை.

நுனியை வெட்டுவது வேறு, அது தாராளமாகச் செய்யலாம். முன்காலில் ஐந்தைந்து, பின்காலில் நான்கு நான்கு, மொத்தம் 18 நகம். விரலை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தக்குழாய், அதைத் தொடாமல் வெள்ளை நுனியை மட்டும் வெட்ட வேண்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை போதும். பதினெட்டையும் ஒரே மூச்சில் முடிக்க நினைத்தால் உங்கள் கைதான் கிழியும். அரைத்தூக்கத்தில் இருக்கும்போது இரண்டு, மறுநாள் இரண்டு. வயதான பூனை அதிகம் பிராண்டாது. நகம் வளைந்து பாதத்திலேயே குத்தி ஏறிவிடும். அவற்றை அடிக்கடி பார்க்க வேண்டும்.

கம்பம் பழகிய பிறகு நான் செய்த கடைசி முட்டாள்தனம், தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது நார்நாராகத் தொங்கிய அந்தக் கயிறை முழுக்கப் பிரித்து எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றியது. மீனுவின் ஆறு மாத வாசனையும் கீறலும் குப்பைத்தொட்டிக்குப் போனது. அன்று ராத்திரியே சோபாவுக்குத் திரும்பிவிட்டது. இப்போதெல்லாம் நைந்த இடத்தில் மட்டும், பழைய கயிறின் மேலேயே புதுக் கயிறைச் சுற்றுகிறேன். கம்பம் நடுவில் பெருத்து, பார்க்க மத்தளம் மாதிரி இருக்கிறது.