ரோமின் சான் கிளெமென்தே தேவாலயத்தைப் பார்ப்பது எப்படி?

முதன்முறை ரோமுக்குச் செல்பவர்கள் ஒரே நாளில் பத்துத் தேவாலயங்களுக்குள் அவசரமாக நுழைந்து வெளியேறுவதைவிட, கொலோசியத்திலிருந்து சில நிமிட நடையில் இருக்கும் சான் கிளெமென்தேவுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கலாம் என்பேன். வெவ்வேறு காலத்து வழிபாட்டிடங்கள் மூன்று அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன.

முதலில் உடையைக் கவனியுங்கள். தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். கீழ்த்தளங்களில் கோடையிலும் குளிரும் ஈரமும் இருப்பதால், வழுக்காத காலணியும் ஒரு சால்வையும் உதவும். திருப்பலி நடைபெறும் ஞாயிறு காலையைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்து, கட்டணமில்லாத மேல்தளத்தில் தொடங்குங்கள். பீடத்துக்குப் பின்னுள்ள அரைவட்ட விதானத்தின் மொசைக் ஓவியத்தில், சிலுவையின் மேல் 12 வெண்புறாக்களும் அதன் அடியில் நீர் பருகும் மான்களும் எளிதில் கண்ணில் படும். கோழிகளுக்குத் தீனி போடும் பெண்ணைத்தான் சற்றுத் தேட வேண்டும்.

பிறகு நுழைவுச்சீட்டு வாங்கிப் படியிறங்கினால் 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் வரும். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை இடிபாடுகளாலும் மண்ணாலும் நிரப்பி, அதன்மேலேயே இப்போதுள்ள தேவாலயத்தை எழுப்பினார்கள். 1857இல் ஜோசப் முல்லூலி என்ற அயர்லாந்துத் துறவி தோண்டத் தொடங்கிய பிறகே இது மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. இங்கே சிசினியஸ் என்ற ரோமானியப் பிரபுவின் கதையைச் சொல்லும் சுவரோவியத்தின் முன் நின்று பாருங்கள். இத்தேவாலயத்துக்குப் பெயர் தந்த புனித கிளெமென்டைக் கட்டி இழுப்பதாக எண்ணிக்கொண்டு வேலையாட்கள் ஒரு தூணை இழுக்கிறார்கள். எசமானரான சிசினியஸ் அவர்களை ஏசும் சொற்கள், இன்றைய படக்கதைகளில் வருவதுபோல, அருகிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. இத்தாலிய மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்றான அந்த வரியை மொழிபெயர்த்துச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இன்னும் ஒரு தளம் இறங்கினால் ரோமானியர் காலத்துச் செங்கல் சுவர்களும், இரு பக்கமும் கல்திண்ணைகள் கொண்ட, மித்ரா என்ற தெய்வத்தை ரோமானியர் வழிபட்ட குகையும் இருக்கின்றன. நடுவிலுள்ள பலிபீடத்தில் மித்ரா காளையைக் கொல்லும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. பேச்சை நிறுத்திக் கேட்டால், அருகில் எங்கோ தண்ணீர் ஓடும் ஓசை காதில் விழும்.

மேலே திரும்பியதும், முதலில் கவனிக்காமல் கடந்துவந்த பாடகர் குழுவின் பளிங்குத் தடுப்பை மறுபடி பாருங்கள். அது 6ஆம் நூற்றாண்டில் கீழ்த் தேவாலயத்துக்காகச் செதுக்கப்பட்டு, பின்னர் மேலே கொண்டுவந்து பொருத்தப்பட்டதாகும்.