நாக்கு நரம்புக் கருவி: காசு சேர்க்க முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவில் இருக்கும் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்புவார். அடுத்த கிழமை அப்பா வந்து, "இந்த மாஸ்க் வேண்டாம் தம்பி, நெஞ்சில வைக்கிற மெஷின் எங்க செய்யலாம்?" என்று கேட்பார். அவர் கேட்பது, நித்திரையில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் நோய்க்கு (ஸ்லீப் அப்னியா) நாக்கு நரம்பைத் தூண்டும் கருவி. வேண்டாம் என்கிற மாஸ்க், அதே நோய்க்குக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் மெஷினுடையது. வன்னியில் நித்திரைக் கருவிகளோடு வேலை செய்கிற எனக்கு இது பழகிவிட்டது. புதிதாய் வருகிறவர்களும் பழைய ஆட்கள் விழுந்த குழியிலேயே விழுகிறார்கள். சாராயம், உடல் எடை எல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை, விடுவோம்.

குறட்டை இருந்தால் போதும் என்று நினைப்பது

போதாது. மூச்சு உண்மையாய்த் தடைப்படுகிறதா என்று நித்திரைப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும்.

தொண்டையைப் பார்க்காமல் பணம் திரட்டுவது

நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைக்கும் கருவியிலிருந்து ஒரு வயர், நாக்கை அசைக்கும் 12ஆவது மூளை நரம்புக்குப் போகும். மூச்சு இழுக்கும்போது நாக்கு முன்னே தள்ளப்படும், வழி திறக்கும். சரி, அடைப்பு நாக்கில் மட்டும் இல்லையென்றால்?

பரந்தன் பக்கம் ஒரு குடும்பம் வயலை ஈடு வைத்து ஐயாவை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போனது. அங்கே மயக்கமருந்து கொடுத்து, மூக்கு வழியாய்க் கமரா விட்டுப் பார்த்தார்கள். மேலண்ணத்துக்குப் பின்னால் நாலா பக்கமும் சுருங்கி முழுதாய் மூடியது. 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, இன்ஸ்பயர் என்ற இவ்வகைக் கருவியின் ஆய்வில் இப்படி மூடுகிறவர்களைச் சேர்க்கவே இல்லை. ஐயாவுக்கும் முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். டிக்கெட், விசா, தங்கிய செலவு எல்லாம் போனது. வயல் இன்னும் ஈட்டில்தான்.

அந்தச் சோதனையைப் பற்றி முதலே கேட்டிருக்கலாம். "காசு இருந்தால் சரி" என்று சொன்ன இடைத்தரகரை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும்.

சிபாப்பை மூன்று இரவில் மூலையில் வைப்பது

இந்தக் கருவி சிபாப் ஒத்துவராதவர்களுக்குத்தான். உண்மையாய் முயன்றீர்களா என்று வைத்தியர் கேட்பார். பெரும்பாலும் மாஸ்க் அளவுதான் பிழை. அப்புறம், எங்கள் கிணற்றுத் தண்ணீரை சிபாப்பின் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றாதீர்கள், சுண்ணாம்பு படியும்.

பொருத்திய அன்றே நல்ல நித்திரை வரும் என்று நம்புவது

காயம் ஆறி, ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள். படுக்கும்போது ரிமோட்டில் போட வேண்டும், நரம்பைத் தூண்டும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கூட்ட வேண்டும். வெளிநாட்டில் பொருத்திக்கொண்டு கிளிநொச்சிக்கு வந்தால் அந்த அளவை யார் சரிபார்ப்பது? புறப்பட முன் கேளுங்கள். பேட்டரியும் 11 ஆண்டளவில் தீரும், மாற்ற இன்னொரு சத்திரசிகிச்சை.

எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்தில் சொல்லாமல் இருப்பது

உடலில் இந்தக் கருவி இருக்கிறது என்று கட்டாயம் சொல்லுங்கள். கருவியின் எல்லா மாதிரிகளுக்கும் ஒரே விதி இல்லை.